முகமூடி போடாத ஆட்டுக்கல்

என் மகளுக்கு,

நன்றாக இருக்கிறாயா, சாப்பிட்டாயா என்றெல்லாம் நேற்றே போனில் கேட்டுவிட்டேன். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இது போனில் சொல்ல முடியாத விஷயம். ஆரம்பித்தால் நான் அழுவேன், நீ உடனே "இன்னாமா ஆச்சு" என்று பதறுவாய், பேச்சு வேறெங்கோ போய்விடும். நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுது, ஆனா பாத்து எழுது" என்றாய். பார்த்துத்தான் எழுதுகிறேன். புது ஆபீசில் என் வயதுள்ள ஒரு அக்கா உன் சூப்பர் ஹீரோ விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, "எனக்கும் சொல்லித் தருவியா" என்று கேட்டதாகவும், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று முழிப்பதாகவும் சொன்னாய் அல்லவா? என்னைக் கேள். ஐம்பதைத் தாண்டிய பிறகு அந்த விளையாட்டில் போய் உட்கார்ந்தவள், நம் பிளாக்கில் மட்டுமல்ல, திருவொற்றியூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நம் வீட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. உன் நைனா கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். துறைமுகத்து வரிசையில் மாட்டிக்கொண்டால் எப்போது வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. நான் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். சாயங்காலமானால் வாசலில் தூக்குவாளியும் டப்பாவுமாகக் கூட்டம். வருகிறவர்கள் வெறும் பாத்திரத்தோடு வருவதில்லை, கூடவே ஒரு செய்தியும் கொண்டுவருவார்கள், போகும்போது ரெண்டு வாங்கிப் போவார்கள். யார் வீட்டில் சண்டை, யாருக்கு வரன் தட்டிப்போனது, யார் பையன் வேலையை விட்டான், எல்லாம் என் வாசலில்தான் புளிக்கும். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். பின்பக்கத்து பிளாக் பெரியவர் ரெண்டு நாளாக மாவுக்கு வரவில்லையே என்று நான் போட்ட சத்தத்தில்தான் கதவை உடைத்து அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அதே வாய்தான் நீ பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டதை, நீ வீடு வந்து சேருவதற்கு முன்பே மாடி முழுக்கச் சொல்லி வைத்தது. நீ படியேறி வரும்போதே ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்களாம்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் உனக்கு அந்த வேலை உத்தரவு வந்தது. வேறு மாநிலம், தெரியாத பாஷை, சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஆள் கிடையாது. நான் முதலில் உன்னைக் கேட்கவில்லை. மாவு வாங்க வந்தவர்களைக் கேட்டேன். "பொம்பளப் புள்ளைய அவ்ளோ தூரம் தனியா அனுப்புவியா நீ?" என்றார் எதிர்வீட்டு அக்கா. "ஹார்பராண்ட இல்லாத வேலையா அங்க கீது?" என்றார் கீழ்வீட்டுக்காரர். மொத்த மாடியும் கூடி வேண்டாம் என்று முடிவு செய்தது, நான் அதை உன்னிடம் வந்து சொன்னேன். நீ சண்டை போடவில்லை. "யாருக்கும் என்னைத் தெரியாத ஊர்ல கொஞ்ச நாள் இருக்கணும்மா" என்று மட்டும் சொன்னாய். எனக்குச் சுருக்கென்றது. அங்கே போய் எதை மறைக்கப் போகிறாள் என்றுதான் என் புத்தி போயிற்று. கம்பெனிக்காரர்கள் பதில் சொல்லக் கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. நைனாவோ, "அம்மா சரின்னா எனக்கும் சரி" என்று லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார். என் சம்மதம் இல்லாமல் நீ போக மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில் நான் அசையாமல் இருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வழக்கம்போல ஜெரால்டும் ஆயிஷாவும் வந்தார்கள். ஜெரால்டு உன்னோடு டிப்ளமோ படித்த ராயபுரத்துப் பையன், ஆயிஷா உன் ஆபீஸ் தோழி. நீங்கள் நம் கூடத்தில் பாயை விரித்து, தாள்களைப் பரப்பி, தாயக்கட்டை மாதிரி விதவிதமான கட்டைகளை உருட்டி, இல்லாத ஆட்களைப் பற்றி இருக்கிற மாதிரியே சத்தம் போடுவதை நான் அடுப்படியிலிருந்து எத்தனையோ ஞாயிறு பார்த்திருக்கிறேன். கட்டை உருளும் சத்தத்தைக் கேட்டு முதலில் சூதாட்டம் என்றே நினைத்தேன். ஒருமுறை நீங்கள் எழுந்து போனதும் பாயைத் தூக்கிக்கூடப் பார்த்தேன்; ஒரு பைசா இல்லை. அன்று உங்கள் கூட்டத்தில் இன்னொருவனான தினேஷ் வரவில்லை, அவன் தங்கைக்கு வளைகாப்பு. நீ அடுப்படி வாசலில் வந்து நின்று, "ஒரு ஆளு குறையுதுமா, ஒக்காரியா?" என்றாய். வேலைப் பேச்சுக்குப் பிறகு நீ முகம் கொடுத்துப் பேசியது அன்றுதான். விளையாட்டாவது மண்ணாவது, நீ கூப்பிட்டாயே என்றுதான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

எனக்கு எப்படிச் சொல்லித் தந்தாய் என்பதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. விளையாட்டு விதிகள் எழுதின அந்தத் தடிப் புத்தகத்தை என் கையில் கொடுக்கவில்லை, அதை நகர்த்தி உனக்குப் பின்னால் வைத்துக்கொண்டாய். "இதுல ஜெயிக்கிறது தோக்கிறது இல்லமா. இன்னா நடக்குதுன்னு நான் சொல்லுவேன். உன் ஆளு இன்னா பண்றான்னு நீ சொல்லு. அது நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா மட்டும் கட்டைய உருட்டுவோம். அவ்ளோதான்." அப்புறம் கேட்டாய்: "உனக்கு ஒரு சக்தி கெடைக்குதுன்னா இன்னா வேணும்?" பென்சிலைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்வதை எழுதக் காத்திருந்தாய். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. குழம்புக்கு உப்பு போட்டியா, மாவு மீதி இருக்கா, இதைத்தான் கேட்பார்கள். நான் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீங்கள் விளையாட்டு புரியவில்லை என்று நினைத்துக்கொண்டீர்கள்.

ஆயிஷா உதவிக்கு வந்தாள். "பறக்கலாம்மா, மறைஞ்சு போலாம், நெருப்பு வுடலாம்." நான், "எங்க எவன் இன்னா பேசினாலும் என் காதுல வுழணும்" என்றேன். நீ சிரிக்காமல், "அது உனக்கு ஏற்கெனவே கீதுமா, வேற கேளு" என்றாய். ஜெரால்டு பாயில் புரண்டு சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் நியாயமான பேச்சு. "அப்ப எவ்ளோ கனமா இருந்தாலும் நான் தூக்கணும். சிலிண்டரு, கிரைண்டர் கல்லு, உங்க நைனா லாரி, எல்லாத்தியும்" என்றேன். நீ எழுதிக்கொண்டாய். ஜெரால்டு என் ஆளுக்கு ஆட்டுக்கல் என்று பெயர் வைத்தான். அப்புறம், "ஒவ்வொரு ஹீரோவுக்கும் ஒரு பலவீனம் வேணும்மா" என்றாய். "எனக்கு இன்னாடி பலவீனம்?" என்றேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். நீ தாளைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு, 'வாயில் எதுவும் தங்காது' என்று எழுதினாய்.

முகமூடி விஷயத்தில்தான் உங்களை நான் படுத்தி எடுத்தேன். ஹீரோ என்றால் யாரென்று வெளியே தெரியக் கூடாதாம், வீட்டில் ஒரு ஆள், வெளியே ஒரு ஆளாம். "முகமூடி எதுக்குடி? நாம இன்னா திருடவா போறோம்?" என்றேன். நீ கதையை ஆரம்பித்து, "ஆட்டுக்கல் முதல் தடவையா லாரிய தூக்கிப் பாத்துட்டா. யாரும் பாக்கல. இன்னா பண்ற?" என்று கேட்டாய். நான் யோசிக்கவே இல்லை. "எதிர்வூட்டு அக்காகிட்ட போய்ச் சொல்லுவேன்" என்றேன். ஜெரால்டு தலையில் கை வைத்துக்கொண்டான். "ஆண்ட்டி, ரகசியம்னு இப்பதான சொன்னோம்!" நான் விடவில்லை. "பக்கத்துல கீறவங்களுக்குத் தெரியாம இன்னா சக்தி? ஆத்திர அவசரத்துக்கு யார் கூப்புடுவாங்க?" தப்பு என்று நீ சொல்லியிருக்கலாம், வேறு ஏதாவது செய் என்று சொல்லியிருக்கலாம். நீ சொல்லவில்லை. "சரி, சொல்லிட்ட. மறுநாள் காலைல உன் வாசல்ல க்யூ நிக்குது" என்றாய்.

அந்த க்யூவை நீ நடித்துக் காட்டினாயே, அன்றுதான் என் மகளை நான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொன்னால் நம்புவாயா? சாக்கடையில் இறங்கின ஆட்டோவைத் தூக்கச் சொல்லி ஒருத்தர், பீரோவைக் கட்டிலுக்கு அந்தப்பக்கம் மாற்றச் சொல்லி ஒரு அம்மா, சும்மா பார்த்துவிட்டுப் போக வந்த ஒரு தாத்தா. "ஏம்மா, தூக்கறதே தூக்கற, அப்டியே எங்க வூட்டு வாட்டர் டேங்க்கயும் வெச்சுட்டுப் போயேன்" என்று நீ இழுத்ததும் சாட்சாத் எதிர்வீட்டு அக்கா எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு குரல், ஒவ்வொரு கை வீச்சு. கிரைண்டர் ஓடும்போது மூலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். அத்தனை வருஷமும் நீ எல்லோரையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாய். நான் கேட்டதை வெளியே விட்டேன், நீ உள்ளே வைத்துக்கொண்டாய். பிறகு நீ எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குட்டையிலிருந்து எழுந்து வருகிற சாம்பலன் என்ற வில்லனைச் சொன்னாய். கழிமுகத்துத் தண்ணீர் சாம்பல் நிறமாவதையும், காற்று திரும்பினதும் கொடியில் காயும் வெள்ளைத் துணியில் கறுப்புப் பொட்டு விழுவதையும் நீ சொல்லச் சொல்ல, நான் எழுந்து போய்க் கொடியில் கிடந்த துணியை உள்ளே எடுத்துப் போட்டேன். ஆயிஷா சிரிக்கவில்லை. அவளும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஆட்டத்துக்குத் தினேஷ் வந்துவிட்டான், ஆனாலும் நீ என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை. அன்று கதையில் மின்மினி என்றொரு பெண் வந்தாள். முகமூடி போட்டவள், கையை நீட்டினால் செத்த கரண்ட் திரும்பி வரும், யாருக்கும் அவளைத் தெரியாது. மற்ற மூன்று பேரும் சாம்பலனைத் தேடி துறைமுகம் பக்கம் போனார்கள். நான், "எனக்கு அங்க வேல இல்ல, டேங்க்ல தண்ணி கீதான்னு பாக்க மொட்ட மாடிக்குப் போறேன்" என்றேன். நீ பென்சிலைக் கீழே வைத்தாய். "மாடில ஒருத்தி ஒக்காந்துகினு கீறா. முகமூடிய கழட்டி மடியில வெச்சிருக்கா. உனக்கு அவளைத் தெரியும். உங்க பிளாக் பொண்ணுதான்." நான், "இன்னாடி, நீயா அது? உங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். "அக்கா, நான் கெட்டது எதுவும் பண்ணல. கீழ எறங்குனா நான் இன்னார் பொண்ணு, இவ்ளோ மார்க்கு, இந்த வேல. எல்லாருக்கும் தெரியும். இத்த போட்டா கொஞ்ச நேரம் நான் மட்டும் கீறேன். அவ்ளோதான்." நீ அதைக் குரல் மாற்றாமல் சொன்னாய். எல்லோருக்கும் ஒரு குரல் வைத்திருந்த நீ, அவளுக்கு மட்டும் உன் குரலையே கொடுத்தாய்.

அப்புறம் நடந்தது உனக்கு நினைவிருக்கும். சாம்பலன் நம் பக்கம் வந்துவிட்டான். கரண்ட் இல்லை, வானம் இருட்டிவிட்டது. அந்த முகமூடிப் பெண் யாரென்று காட்டிக்கொடுத்தால் போய்விடுகிறேன் என்கிறான். பிளாக் மொத்தமும் கீழே கூடி நின்று என்னைப் பார்க்கிறது, ஏனென்றால் நான்தானே எல்லாம் தெரிந்தவள். எதிர்வீட்டு அக்கா குரலில் நீ கேட்டாய்: "சொல்லுமே, உனக்குத் தெரியாததா? யாரு வூட்டுப் பொண்ணு அது?" நீ உன் சொந்தக் குரலுக்குத் திரும்பி, "அம்மா, உன் பலவீனம் தாள்ல எழுதியிருக்கு. சொல்லாம இருக்கணும்னா உருட்டணும்" என்றாய். உருட்டினேன். பெரிய எண் விழ வேண்டிய இடத்தில் மூன்று விழுந்தது. அதைவிடச் சின்னதாக விழ வேண்டுமென்றால் வேண்டிக்கொண்டுதான் உருட்ட வேண்டும். விதிப்படி நான் சொல்லியாக வேண்டும்.

"வேற வழியே இல்லியா?" என்று கேட்டேன். பாயில் உட்கார்ந்து காற்றில் கட்டின ஒரு கதைக்காக அழப் பார்க்கிறேனே என்று வெட்கமாகக்கூட இல்லை. ஜெரால்டுதான் மெதுவாகச் சொன்னான்: "ஒண்ணு கீது ஆண்ட்டி. உங்க சக்திய வுட்டுக் குடுத்தா கட்டைய மாத்தலாம். ஆனா இந்தக் கதை முடியற வரிக்கும் அது திரும்ப வராது. நீங்க சாதாரண ஆளு." நான் உன்னைப் பார்த்தேன். நீ தாளையே பார்த்துக்கொண்டிருந்தாய். "எடுத்துக்கோ" என்றேன். நீ ரப்பரால் என் சக்தியை அழித்தாய். அப்புறம் நான் அந்தக் கூட்டத்துக்குச் சொன்னேன்: "எனக்குத் தெரியாது. எங்க பிளாக் பொண்ணு இல்ல அது."

அதற்கு மேல் நீ கதை சொன்ன விதம் இருக்கிறதே, என் கண்ணே, அதை நான் எப்படி எழுதுவேன்! மின்மினி அந்தப் பதிலைக் கேட்டாள் என்றாய். அவள் மாடியில் எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டினாள் என்றாய். எண்ணூர்ப் பாலத்தில் ஒரு விளக்கு எரிந்தது, பிறகு கத்திவாக்கம், பிறகு நம் தெரு, டோல்கேட், காசிமேட்டுப் படகுகள், ராயபுரம், துறைமுகத்துக் கிரேன்களின் உச்சிவரை ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே போயிற்று. நான் பிறந்து வளர்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த ஊர் இது. அத்தனை அழகாக இதை யாரும் எனக்குக் காட்டியதில்லை. வளர்ந்த பிள்ளைகள் மூன்று பேர் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் என் வயிற்றில் பிறந்தவளா, எங்கிருந்து வந்தாள், இத்தனையும் இந்தச் சின்ன வீட்டில் எங்கே வைத்திருந்தாள் என்று மலைத்துப்போனேன். அந்த மலைப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

நீ டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனாய். நான் பின்னாலேயே வந்தேன். "எனக்குப் புத்தி சொல்றதுக்குன்னே அந்தப் பொண்ண வெச்சியா?" என்று கேட்டேன். நீ பாலை அடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னாய்: "இல்லமா. அவ ரொம்ப நாளா கதையிலதான் கீறா. யாரும் மாடிக்கு வரல. நீதான் வந்த." அந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன். நீ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். பால் பொங்கி வழிந்தது, அதையும் நான்தான் துடைத்தேன். துடைத்துக்கொண்டே, "அந்தக் கம்பெனிக்காரனுக்கு சரின்னு எழுதிப் போடு" என்றேன். நான் மாடியில் யாரையும் கேட்காமல் எடுத்த முடிவு அது.

ஆகவே உன் ஆபீஸ் அக்காவுக்குச் சொல்லித் தர நான் உனக்குச் சொல்கிற யோசனை இதுதான். புத்தகத்தைப் பின்னால் வைத்துக்கொள். என்ன சக்தி வேண்டும் என்று முதலில் கேள், கேட்டுவிட்டு அவசரப்படுத்தாதே. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் வர நேரமாகும். அவர் ஊரிலேயே கதையை வை, தெரிந்த தெருவில் நடக்க யாருக்கும் பயமில்லை. எண்கள், கூட்டல் கழித்தல் எல்லாம் நீயே பார்த்துக்கொள், பழகினதும் அவரே கேட்பார். அவர் தப்பு செய்தால் திருத்தாதே, அந்தத் தப்பு நடந்த ஊரில் அடுத்து என்ன ஆகும் என்று சொல். என் உளறலை எல்லாம் நீ கதையாக்கினாய், அதனால்தான் நான் எழுந்து போகவில்லை. இது விளையாட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு உனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்தாலும், உன் வீட்டில் ஒரு குழந்தை ஓடினாலும் அப்படியே இரு. வெளியே சாப்பிட்டால் பார்த்துச் சாப்பிடு. நைனாவுக்கு நீயாகப் போன் பண்ணு. அவர் கேட்க மாட்டார், ஆனால் வரிசையில் நிற்கும்போது போனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நீ ரயிலேறின மறுநாளிலிருந்து மாவு வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். எந்த ஊர், என்ன சம்பளம், யாரோடு தங்கியிருக்கிறாள், லவ்வு கிவ்வு ஏதாவதா. எல்லாம் என் நாக்கு நுனியில் நிற்கிறது. "வேலைக்குப் போயிருக்கா, நல்லா கீறா" என்று சொல்லிவிட்டு மாவை ஊற்றுகிறேன். எதிர்வீட்டு அக்கா இரண்டு நாள் கோபித்துக்கொண்டு கடை மாவு வாங்கினார். நல்லா புளிக்கவில்லை என்று திரும்பி வந்துவிட்டார். இது எனக்கு எத்தனை கஷ்டம் என்று உனக்குத்தான் தெரியும். லாரியைத் தூக்குவது இதற்குச் சுலபம்.

பார்த்து எழுதச் சொன்னாய். மற்றவர்களின் பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டேன். நீ இருக்கும் ஊரை எழுதவில்லை. உன் பெயரை ஆசை தீர ஒரு தடவையாவது எழுத வேண்டும் என்று கை துறுதுறுத்தது, அதையும் எழுதவில்லை. யாராவது இதைப் படித்துவிட்டு, யாரு வூட்டுப் பொண்ணு இது என்று கேட்டால், எனக்குத் தெரியாது.

அம்மா